இரட்டை முடிச்சு, ஒற்றை முடிச்சு

தில்லையம்மாள் கட்டிய மாலையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஒரு பூ உதிராது. சிதம்பரத்தில் பூக்கட்டிப் பிழைத்த ஏழெட்டுக் குடும்பங்களில் இதை மறுத்துப் பேசியவர்கள் யாரும் இல்லை. அவளுடைய மாமியார் தைலம்மாள்கூட மறுத்ததில்லை; வாயைத் திறந்து ஒப்புக்கொண்டதும் இல்லை, அவ்வளவுதான். மார்கழித் தேருக்கு ஆளுயர மாலை கட்டித் தருவது அந்த வீட்டின் உரிமை. கல்யாணமாகி வந்த முதல் மார்கழியிலேயே அந்த மாலை தில்லையம்மாள் கைக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கைக்கு, 1946-ஆம் வருஷம், மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பூவைத் தொடக் கொடுத்துவைத்தது. மற்ற நாளெல்லாம் அவள் தூரம். மூன்று வருஷத்துக்கு முன்பு ஐந்தாம் நாள் நின்றுகொண்டிருந்த உதிரம் எட்டு நாள் போயிற்று, பிறகு பதினொன்று, இப்போது பதினேழு. எட்டு வருஷத்தில் இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டும் மூன்றாம் மாதமே கலைந்து போயின. அவளுக்கு வயசு இருபத்தாறு.

சாமிக்குப் போகும் பூ இருக்கிற வீட்டில் தூரமான பெண்ணின் நிழல்கூட விழக் கூடாது. கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி அவளுக்கென்று ஒரு கீற்றுக் குச்சுக் குடிசை இருந்தது. தனித் தட்டு, தனிச் சொம்பு, ஒரு பாய். யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் கூப்பன் முடிந்தபாடில்லை. வீட்டிலிருந்த பழைய வேட்டிகளை எல்லாம் கிழித்துத் தீர்த்தாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்பது வீட்டு வழக்கம். அவளும் உதிரம் கொஞ்சம் குறைந்தால் போதும், நின்றுவிட்டது என்று ஆசையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவாள். சாயங்காலமே மறுபடி பட்டுவிடும். மறுபடியும் குச்சு, மறுபடியும் ஐந்து நாள்.

வேலை செய்யத் துப்பில்லாமல் இவள் குச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்று தைலம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்த அன்று தில்லையம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூவைத்தானே தொடக் கூடாது, நாரைத் தொடலாமே. கழித்துப் போட்டிருந்த வாழைநாரில் ஒன்றை எடுத்து நனைத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அன்று முதல் விடிந்ததும் ஒரு முடிச்சு. உதிரம் பட்ட நாள் என்றால் இரட்டை முடிச்சு, படாத நாள் என்றால் ஒற்றை முடிச்சு. குச்சில் இருக்கிறாளா வீட்டுக்குள் இருக்கிறாளா என்று நார் பார்க்காது. பட்டதா படவில்லையா, அது ஒன்றுதான். நார் தீர்ந்தால் இன்னொரு நாரை அதன் நுனியில் பிணைத்துக்கொள்வாள். என்றைக்காவது யாராவது கேட்டால் முகத்துக்கு நேரே எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. இருபது மாதம் ஓடிற்று, யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கியவள் குடத்தோடு சாய்ந்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சோற்றுக் கஞ்சி நிறம். அவள் புருஷன் கலியமூர்த்தி நல்லவன்தான். அம்மாவுக்கு முன்னால் வாயைத் திறக்காத நல்லவன். அன்றைக்கு மட்டும் அவன் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலைப் பாசஞ்சரில் அவளை ஏற்றி, திருப்பாதிரிப்புலியூரில் இறக்கி, ஜட்கா வண்டி பிடித்துக் கடலூர் மஞ்சக்குப்பம் கொண்டுபோய்ச் சேர்த்தான். மைதானத்தைத் தாண்டி ஒரு தெருவில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. நாரைச் சுற்றிப் பந்தாக்கி, துணி மூட்டைக்குள் தில்லையம்மாள் கையோடு கொண்டுபோயிருந்தாள்.

அங்கே இருந்த பெரிய டாக்டர் கைராசிக்காரர் என்று ஜில்லா முழுக்கப் பேர் வாங்கியவர். பெண்பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்டால் கூசிப் போவாள் என்று, கேள்வியைக் கலியமூர்த்தியிடம் கேட்டார். மாதத்துக்கு எத்தனை தடவை? கலியமூர்த்தி யோசித்து, மூணு தடவைங்க, சில மாசம் ரெண்டு என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பெண்டாட்டி குச்சுக்குப் போகும் தடவையைத்தான் அவன் கண்ணால் பார்த்தான், அதைச் சொன்னான். தில்லையம்மாள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கர்ப்பப்பை இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கிறது, கண்ட கண்ட நாளில் ரத்தம் போகிறது, உள்ளே கெட்ட கட்டியாகக்கூட இருக்கலாம், எதுவானாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்று கலியமூர்த்தியிடம் நிதானமாகச் சொன்னார். பத்து நாள் ரத்தம் ஊற மருந்து, அதன் பிறகு ஆபரேஷன். அவர் இரக்கமில்லாதவர் இல்லை. சொல்லும்போது குரல் தாழ்ந்துதான் இருந்தது.

வார்டு கட்டிலில் படுத்துத் தில்லையம்மாள் அழுதாள். அவளுக்குப் பிள்ளை வேண்டும். யாருக்காகவும் இல்லை, அவளுக்கே வேண்டும். இரண்டாவது நாள் கலியமூர்த்தி வந்து, அம்மா ஸ்ரீமுஷ்ணம் போயிருக்கிறாள், பூவராக சாமியைச் சேவிக்க என்றான். அங்கே தைலம்மாளின் தம்பி மகள் பட்டம்மாள் கல்யாணத்துக்கு இருக்கிறாள் என்பது சாமிக்கும் தெரியும், தில்லையம்மாளுக்கும் தெரியும். அவன் போன பிறகு, அன்றைய முடிச்சைப் போட மறந்தது ஞாபகம் வந்து நாரை எடுத்தாள்.

அப்போதுதான் அமராவதி வார்டுக்குள் வந்தார். மெட்ராஸில் படித்துவிட்டுக் கடலூருக்கு வந்து நாலே மாதமான லேடி டாக்டர். ரத்தம் எடுக்க ஊசியோடு வந்தவர் தில்லையம்மாள் மடியில் கிடந்த பந்தைப் பார்த்து நின்றார்.

"இது இன்னாம்மா?"

"நாளுங்க, டாக்டரம்மா."

ரெட்டை முடிச்சு எது, ஒத்தை முடிச்சு எது என்று தில்லையம்மாள் காட்டினாள். அமராவதி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தைப் பிரித்துக் கட்டிலின் நீளத்துக்கு நாலு மடிப்பாக விரித்தார். ரெட்டை முடிச்சு தொடங்கும் இடத்திலிருந்து, அடுத்தாற்போல் ரெட்டை முடிச்சு தொடங்கும் இடம் வரை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தெட்டு. அடுத்தது இருபத்தொன்பது. அதற்கடுத்தது இருபத்தெட்டு. நர்ஸ் வந்து கூப்பிட்டாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டே போனார். இருபது மாதமும் அப்படியே. தொடங்கும் நாள் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ரெட்டை முடிச்சின் வரிசைதான் மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே வந்திருந்தது.

"உங்க வூட்டுக்காரரு மாசம் மூணு தடவன்னு சொல்லியிருக்காரே?"

"அவுரு நான் குச்சுக்குப் போறத சொன்னாருங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்துட்டா அவுங்களுக்கு அது முடிஞ்சிப் போச்சி. திரும்ப வெளிய போனா அது வேற ஒண்ணு. எனக்கு முடியவே இல்லீங்க. எல்லாம் ஒரே போக்குதான்."

"இத நீ ஏன் சொல்லல?"

"என்ன யாருங்க கேட்டாங்க? அவரத்தான கேட்டாங்க."

அமராவதி கேஸ் சீட்டில் பெரிய டாக்டர் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு மறுபடியும் நாரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அமராவதி சொன்னது இதுதான். மாதா மாதம் நாள் பார்த்து உத்தரவு போடுவது மூளையும் சினைப்பையும். உத்தரவு வந்தால் கர்ப்பப்பையின் உள்ளே ஒரு மெத்தை போல சவ்வு வளரும். பிள்ளை தங்கவில்லை என்றால் உத்தரவு நின்றுபோகும். சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் சுருட்டைக் குழாய்கள் இறுகி, சவ்வு வாடி, உதிர்ந்து விழும். அமெரிக்காவில் ஒருவர் குரங்கின் கண்ணுக்குள் அந்தச் சவ்வை ஒட்டவைத்து, இதெல்லாம் நடப்பதைக் கண்ணாலேயே பார்த்து எழுதியிருக்கிறாராம். குரங்கு கண்ணுலயா என்று கேட்டு, அந்த நிலைமையிலும் தில்லையம்மாள் சிரித்துவிட்டாள். உன் நாரைப் பார்த்தால் உத்தரவு போடுகிறவர்கள் ஒரு நாள் தவறாமல் வேலை செய்கிறார்கள், சினைப்பையில் கோளாறு இல்லை, கெட்ட கட்டி இப்படி நாள் நட்சத்திரம் பார்த்து ரத்தம் விடாது, திறப்பது சரியாகத் திறக்கிறது, மூடுவதுதான் மூடவில்லை என்றார் டாக்டர்.

"மூட்றது எதுங்க?"

அமராவதி தன் விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் காட்டினார்.

"கர்ப்பப்பை முழுக்க சதை நாருதான். இப்படிப் பின்னிப் பின்னிப் போவுது. ரத்தக் குழாயெல்லாம் அதுக்கு நடுவுல வருது. சதை இறுகினா குழாய் நெரிஞ்சி ரத்தம் நிக்கும். உனக்கு உள்ள ஒரு கட்டி இருக்குன்னு நெனைக்கிறேன், சாதாரண சதைக்கட்டி. அது நடுவுல துருத்திக்கிட்டு இருந்தா எப்படி இறுகும்?"

தில்லையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூக்காம்பை நார் முடிச்சு எப்படிப் பிடிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"முடிச்சுக்கு நடுவுல கல்லு மாட்டிக்கிட்டா, எத்தினி இழுத்தாலும் பூ நிக்காதுங்க. நாரு மேல குத்தமில்ல. கல்ல எடுத்துட்டா போதும்."

"அதேதான்," என்றார் அமராவதி. "கல்ல எடுக்கறதுக்குப் பதிலா நார அறுத்துப் போடப் பாக்கறோம்."

அவர் நாரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததை நர்ஸ் பிறகு வந்து விலாவாரியாகச் சொன்னாள். வாழைநாரை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கச் சொல்கிறாயா என்று பெரிய டாக்டர் முதலில் சத்தம் போட்டாராம். அமராவதி நாரை மேஜைமேல் விரித்துவிட்டு நின்றாராம். மனுஷர் நேர்மையானவர், முனகிக்கொண்டே மூன்று மாதத்துக்கு எண்ணினார், முனகல் நின்றது, இருபது மாதத்தையும் எண்ணினார். கடைசியில் ஒப்புக்கொண்டார். முதலில் உள்ளே சுரண்டிச் சவ்வை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்ப்பது. கெட்டது இல்லை என்று வந்தால், ரத்தம் ஊறிய பிறகு, கட்டியை மட்டும் எடுக்க முயற்சி செய்வது. ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காமல் போனால் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

சுரண்டும்போதே கம்பியின் நுனி கட்டியில் தட்டியது என்று அமராவதி சொன்னார். மெட்ராஸிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. தில்லையம்மாளுக்கு அந்த மூன்று வாரமும் சோறு இறங்கவில்லை. கடிதம் வந்தது, கெட்டது ஒன்றும் இல்லை. இரும்புச் சத்து மருந்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள், தை மாதம் வரச் சொல்லி.

அந்த மார்கழி அவளுக்கு மறக்காது. தேருக்கு மாலையை வேறு யாரோ கட்டினார்கள். அவள் குச்சில் உட்கார்ந்து தேர் நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலை நடுவில் தொய்ந்துவிட்டது, வடக்கு வீதி திரும்புவதற்குள் பாதிப் பூ கீழே விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோது, சாமி மன்னிக்கட்டும், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த மார்கழிக்கு நான் கட்டுகிறேன் என்று நாரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டாள்.

தை பிறந்ததும் கடலூர். கலியமூர்த்தி கையெழுத்துப் போட்டான். கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்கும் என்று தெரியாமல் டாக்டரிடம் சொன்னான்.

"எது போனாலும் போவட்டுங்க. புள்ள இல்லன்னாலும் போவுது. இவ வேணும் எனக்கு. எங்கம்மா எங்க போயி பொண்ணு பாத்தாலும் நான் கட்டமாட்டேன்."

எட்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அந்த நிமிஷமே செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். உடனே, சாவதாவது, இப்போதுதானே பிழைக்க ருசி வந்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ரெண்டும் இருக்கும் மாமா," என்றாள். "நானும் இருப்பேன், அதுவும் இருக்கும். போயி காபி குடிச்சிட்டு வா."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். வயிற்றுக்கு மேலே ஒரு துணியைக் கட்டி மறைத்தார்கள். வலி இல்லை, காது மட்டும் கேட்டது. பெரிய டாக்டர் கத்தி கேட்டார், பஞ்சு கேட்டார். பிறகு, இருக்குது, உள்பக்கம்தான் இருக்குது, நல்ல வழவழன்னு எலுமிச்சம்பழம் மாதிரி என்று அமராவதி சொல்லும் குரல் கேட்டது. அதோடு பஞ்சு, இன்னும் பஞ்சு என்று அவசர அவசரமாகக் கேட்டார்கள். யாரோ ஓடினார்கள். அமுக்கிப் பிடி, விட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் பெரிய டாக்டர்.

தில்லையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இறுகு, இறுகு என்று தன் வயிற்றிடம் சொன்னாள். வேண்டுதல் இல்லை, கெஞ்சல் இல்லை. கைக்கு அடங்காத நாரை அதட்டுவது போல அதட்டினாள்.

"நிக்குது சார்," என்றார் அமராவதி. "கட்டி போனதும் சதை தானா இறுகுது. பாருங்க."

பெரிய டாக்டர் நீளமாக மூச்சு விட்டார். தையல் போட ஆரம்பித்தார்கள். இழுத்து முடிச்சிடும்போதெல்லாம் உடம்பில் லேசாக ஓர் அசைவு தெரிந்தது. தில்லையம்மாளின் உதடு தன்னால் எண்ணத் தொடங்கிற்று. ஒன்பது, பத்து, பதினொன்று. யாரது எண்ணறது என்று பெரிய டாக்டர் கேட்டார். துணிக்கு மேலே எட்டிப் பார்த்த நர்ஸ் சிரித்தாள். உள்ளே ரெட்டை முடிச்சாகப் போடச் சொல்லுங்கள், பூ உதிராது என்றாள் தில்லையம்மாள். அன்று அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள், பெரிய டாக்டர் உட்பட.

ஊருக்குத் திரும்பிய பிறகு புதிய நாரில் தொடங்கினாள். உதிரம் நாள் தப்பாமல் வந்தது. ஐந்து ரெட்டை முடிச்சு, ஆறாம் நாள் விடிந்தது, துணி வெள்ளையாக இருந்தது. அவள் ஒற்றை முடிச்சுப் போட்டாள். அதற்கு மறுநாளும் ஒற்றை, அதற்கு மறுநாளும். அடுத்த மாதமும் ஐந்துதான். சித்திரைக்குள் கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது. முன்போலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தாள். ஆகஸ்டில் ஊரெல்லாம் கொடி ஏற்றினார்கள்; சந்துக்குச் சந்து கொடிக்கம்பம், கம்பத்துக்குக் கம்பம் மாலை. மூன்று நாள் விடாமல் கட்டியும் அவள் விரல் சலிக்கவில்லை. தைலம்மாள் ஸ்ரீமுஷ்ணத்துச் சாமியைச் சேவிக்கப் போவது குறைந்தது.

மார்கழி வந்தது. செவ்வந்தியும் நந்தியாவட்டையும் மருக்கொழுந்தும் கூடை கூடையாக வந்து இறங்கின. தேருக்கு முந்தின நாள் காலை உட்கார்ந்தவள் சாயங்காலத்துக்குள் ஆளுயர மாலையைக் கட்டி முடித்து, இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உதறச் சொன்னாள். ஒரு இதழ் விழவில்லை. மறுநாள் தேர் நாலு வீதியும் சுற்றிவந்தது. தில்லையம்மாள் கீழவீதி முனையில் நின்று பார்த்தாள். மாலை கட்டினபடியே இருந்தது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நன்றாகவே கத்தினாள்.

அன்றைக்குக் காலை அவள் நாரில் போட்டது நாற்பத்தைந்தாவது ஒற்றை முடிச்சு. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் குச்சு காலியாகக் கிடப்பது மாமியார் கண்ணுக்குத் தப்புமா? இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு தைலம்மாள் சொன்னாள்.

"பட்டம்மாளுக்கு புவனகிரில மாப்ள பாத்திருக்காங்களாம். நல்ல எடமாம்."

தில்லையம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் அதே பாசஞ்சரில் கடலூர் போனார்கள். அமராவதி வார்டில் இருந்தார், கூட்டிவர ஆள் போயிருந்தது; இவர்கள் அவர் அறையில் காத்திருந்தார்கள். அதற்குள் பெரிய டாக்டரே அந்தப் பக்கமாக வந்துவிட்டார். அடையாளம் தெரிந்து நின்றார். பழைய பழக்கத்தில் கலியமூர்த்தியைப் பார்த்துத்தான் கேட்டார், இப்போது எப்படிப் போகிறது, மாதம் எத்தனை நாள் என்று.

கலியமூர்த்தி இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"எனக்குத் தெரியாதுங்க. அவளக் கேளுங்க."

பெரிய டாக்டர் திரும்பினார். தில்லையம்மாள் மூட்டையை அவிழ்த்து நாரை எடுத்து, மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போட்டு, மிச்சத்தைத் திருப்பி விரித்தாள். பதறாமல் விரித்தாள்.

"இந்தாங்க, கடைசி ரெட்ட முடிச்சு. அதுக்குப் பொறவு அறுவத்தாறு ஒத்த முடிச்சுங்க. எண்ணிப் பாருங்க."

வாசலில் அமராவதி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசி ரெட்டை முடிச்சுக்கு அடுத்த முடிச்சின்மேல் விரலை வைத்து, ஒன்று என்று தொடங்கினார்.